மார்ச் மாதம் ஆறு பேர்

டெர்ரி க்ரீக், கென்டக்கி
நவம்பர் நடுவில், ஒரு வியாழக்கிழமை

அன்பு மகள் திர்சாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் தயவில் நாங்கள் நால்வரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மைக்காவுக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது, ஒன்பது வயதில் அதையும் நலம் என்றே கணக்கு வைக்கவேண்டும். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்கிறீர்கள் என்று அலாஸ்காவிலிருந்து யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்கும். சொல்ல ஆளில்லாததால் சுகமாக இருக்கிறாய் என்று நானே நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன்.

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. குற்றம் சொல்லவில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். கடைசியாகப் பேசியபோது நீ கேட்டது ஒரே கேள்வி, மிசூரியில் லவோனா என்று ஒரு பெண் எனக்குக் கார்டு போட்டிருக்கிறாள், அவளோடு இன்னும் ஒரு கூட்டமே போட்டிருக்கிறது, இவர்களெல்லாம் யார், என் விலாசம் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று. நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இடம் பாக்குறதுல என்னைக் கணக்குல சேக்காதீங்கம்மா. நீங்க எங்க குடியேறினாலும் நான் அங்க வரப்போறதில்ல." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனில் பேசினால் நீ மறுபடியும் வைத்துவிடலாம். கடிதத்தைத் தூக்கிப் போட்டாலும் அடுத்த நாள் எடுத்துப் படிக்க முடியும், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது உன் இஷ்டம்.

செப்டம்பரில் நியூயார்க் வீட்டை விற்றுவிட்டுச் சாமான்களை ஒரு கொட்டகையில் அடைத்துவிட்டு தங்கிக்கொள்ள ட்ரெய்லர் வண்டியை இழுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பியது உனக்குத் தெரியும். அங்கே பிள்ளைகள் வீட்டில் என்ன படிக்கிறார்கள் என்று காலாண்டுக்கொரு முறை அறிக்கை எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போயிற்று, பனிக்கட்டி மூடிய மின்கம்பங்களில் ஏறி ஏறி அப்பாவுக்கு அலுத்துப்போயிற்று. கெசையாவும் மைக்காவும் வீட்டிலேயே படித்துக்கொண்டு கோழியும் ஆடும் நாலு நண்பர்களுமாக வளர ஒரு கிராமம், ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார ஓர் உருப்படியான சபை, இவ்வளவுதான் தேடினோம். வேலையைப் பற்றிக் கவலையில்லை, லைன்மேன் வேண்டாம் என்று சொல்லும் ஊர் எது. நாங்கள் புறப்படுவதற்கு முந்தின வாரம்தான் நீ கூப்பிட்டு மார்ச்சில் குழந்தை பிறக்கும் என்றாய், அந்தப் பையன் போய்விட்டான் என்றாய், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய். அன்று முதல் என் தேடலில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதை அப்பாவிடம்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மகள் வயிற்றோடோ கைக்குழந்தையோடோ வந்து இறங்கினால் எந்த ஊரில் யாரும் உற்றுப் பார்க்காமல் அவள் பாட்டுக்குத் தபால்பெட்டிவரை நடந்துபோய்விட்டு வர முடியும், அதுதான்.

முதலில் போனது மிசூரியில் ப்ராவிடன்ஸ் என்ற ஊர். அப்பா ஒரு வருடமாக அந்த ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், போய்ப் பார்த்தபோது அவர் சொன்னதில் எதுவும் மிகையில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கின்றன. பழைய வைக்கோல் கொட்டகை ஒன்றைப் பலகை அடித்து வகுப்பறைகளாக மாற்றி வாரத்தில் இரண்டு நாள் எல்லாரும் சேர்ந்து பாடம் நடத்துகிறார்கள், லத்தீன் உண்டு, வேதியியல் உண்டு, பன்னிரண்டு பிள்ளைகள் வயலின் வாசிக்கும் குழு ஒன்றும் உண்டு. நம் கெசையா அந்தக் குழுவில் போய் உட்கார்ந்த அன்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்து நின்றேன். எனக்கு இப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் ஒரு சந்தேகம் எழும், உனக்குத் தெரியும், எல்லாம் சரியாக இருந்தால் எதையோ இன்னும் அளக்கவில்லை என்று நினைப்பதுதான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பழக்கம். கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதித்தேன், அதுவும் சுத்தம். அப்பா ஒரு வாரத்தில் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார், யார் வீட்டு வேலி சாய்ந்திருக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது.

பெண்களின் ஜெபக்கூட்டம் செவ்வாய்க்கிழமை. ஆளுக்கொரு ஜெப விண்ணப்பம் சொல்லி வந்து என் முறை வந்ததும் நான் கையை மட்டும் தூக்கி, வாய்விட்டுச் சொல்லாத விண்ணப்பம் ஒன்று என்றேன். நீ ஏழு வயதில் ஒவ்வொரு புதன்கிழமையும் அப்படிக் கையைத் தூக்குவாயே, என்னவென்று கேட்டால் பிரசங்கம் சீக்கிரம் முடியவேண்டும் என்பதற்காக என்பாய். நம் பழைய சபையில் யாரும் அதற்குமேல் கேட்டதில்லை. இங்கே லவோனா கேட்டாள். அவள் பாஸ்டரின் மனைவி, கெட்டவள் இல்லை, முதல் நாளே எங்களுக்கு ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தவள். பெயர் சொல்லாவிட்டால் எப்படிக் குறிவைத்து ஜெபிப்பது சிஸ்டர், பெயரை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் கேட்கவே மாட்டோம் என்றாள். கர்த்தருக்குக் குறி தவறாது லவோனா என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று அவளுக்குப் பட்டிருக்கும். மறைக்கத்தான் செய்தேன், அது என் மகளுடைய காரியம், சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

அந்தச் சனிக்கிழமை ஆண்களின் காலைச் சாப்பாடு. முட்டையும் பன்றி வறுவலும் சாப்பிட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் மனதில் பாரமாக இருப்பதைச் சொல்வது அவர்கள் வழக்கம். ஒருவர் மகன் குடிப்பதைச் சொன்னாராம், ஒருவர் தன் கடையைப் பற்றிச் சொன்னாராம், அடுத்தது உன் அப்பா. திர்சா, அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உண்மையை எங்கே நிறுத்துவது என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அழுதும் இருக்கிறார். உன்னை விட்டுக்கொடுத்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதை நான் நன்றாக விசாரித்துவிட்டேன், அவள் அங்கே தனியாக இருக்கிறாளே என்பதுதான் திரும்பத் திரும்ப அவர் சொன்னது. கேட்டவர்கள் அவர் தோளில் கைவைத்து ஜெபித்தார்கள். பிறகு ஒருவர், நம் வீட்டுப் பெண்கள் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக எழுதுவார்கள் பிரதர், விலாசம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா கொடுத்திருக்கிறார். உன் தபால்பெட்டியில் விழுந்த பூப்போட்ட கார்டுகளின் கதை இதுதான். விலாசம் கொடுத்ததை அவர் அப்போது என்னிடம் சொல்லவில்லை, மறைக்கவேண்டும் என்று அல்ல, அது ஒரு நல்ல காரியம் என்று நினைத்தவருக்கு அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது.

அங்கே ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு, ஒருத்தி அடுத்தவளுக்குப் போன் செய்வாள், அவள் அதற்கடுத்தவளுக்கு. சனிக்கிழமை மாலைக்குள் உன் பெயர் மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஞாயிறு பள்ளியிலிருந்து கெசையா வெளியே வந்தாள், முகம் வெளுத்திருந்தது. அக்காவுக்குப் பாப்பா வரப்போகிறதாமே என்றாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவளைக் கட்டிப்பிடித்து உங்கள் அக்காவுக்காக எங்கள் வீட்டில் ஜெபிக்கிறோம் என்று சொல்லித்தான் இவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. உன்னிடம் கேட்டுக்கொண்டு நிதானமாகச் சின்னதுகளுக்குச் சொல்லலாம் என்று நான் வைத்திருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மைக்கா வெகுநேரம் யோசித்துவிட்டு ஒன்பது வயதில் மாமா ஆக முடியுமா, அதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று கேட்டான். ஆகலாம் என்றேன். அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

அன்று ஆராதனைக்குப் பிறகு சபை விருந்து, வீட்டுக்கொரு பண்டம் கொண்டுவந்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டு முடிந்து சமையலறையில் நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன், ஜானெல் என்ற பெண் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அங்கே நான் சில நாள் எடுத்த வேதியியல் வகுப்பில் எனக்கு உதவியாக இருந்தவள், எனக்கு அவளைப் பிடிக்கும். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சிஸ்டர், உங்க மக விஷயம் கேள்விப்பட்டோம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகுது. பிள்ளைக்குன்னு ஒரு அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கோம். அந்தப் பொண்ணுக்கு அது பாரமா இருந்தா, எங்களுக்கு அது பாரமே இல்ல." "பாரம்னு என் மக இன்னும் யார்கிட்டயும் சொல்லல, ஜானெல்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது, அவள் முகம் சிவந்து தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கோட்டை எடுக்கப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, இன்றும் வரவில்லை. எட்டு வருடம் காத்திருப்பவளின் காதில் இப்படி ஒரு செய்தியைப் போட்டால் அவள் வேறு என்ன நினைப்பாள். ஆனால் ஒன்று மட்டும் அந்த நிமிடத்தில் எனக்குத் தெளிவாகிவிட்டது. அந்த ஊருக்கு நீ வந்தால் உன்னை அன்பாகத்தான் நடத்துவார்கள், உன் குழந்தைக்குத் துணியும் தொட்டிலும் வந்து குவியும், ஆனால் உன்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே உன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களாக இருப்பார்கள்.

அப்பாவுக்கு அப்போதும் ப்ராவிடன்ஸ்மேல் மனது விடவில்லை. அது ஒரு பெண்ணின் துக்கம், அதற்காக ஊரையே தள்ள முடியுமா என்றார், அதிலும் நியாயம் இருந்தது. கென்டக்கியில் டெர்ரி க்ரீக் என்ற இடத்தில் மின்சாரக் கூட்டுறவு ஒன்றில் ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், வருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார், அங்கே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து முடிவு செய்யலாம் என்று கிளம்பினோம். அப்படித்தான் இங்கே வந்தோம், தேர்ந்தெடுத்து வரவில்லை. இங்கே வந்து ஒரு வாரத்தில் உன் போன் வந்தது. நீ வைத்தபிறகு நான் அப்பாவைப் பார்த்தேன், கேட்காமலே அவர் விலாசத்தைக் கொடுத்ததைச் சொன்னார். "நான் அவளுக்காக ஜெபம்தான் கேட்டேன் கோரின். அவளைக் கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தணும்னு நினைக்கல." நீ ஜெபம் கேட்டாய், அவர்கள் கொடுத்தார்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை, வெளியே போய் யாரும் கேட்காத விறகை இருட்டும்வரை பிளந்துகொண்டிருந்தார்.

இந்த ஊரில் சபை என்பது ஓடைக்கரையில் ஒரே அறை, நடுவில் ஒரு விறகு அடுப்பு, முப்பது பேர் வந்தால் கூட்டம். பிரசங்கியார் பெயர் ஹோபர்ட், மற்ற நாட்களில் வைக்கோல் விற்கிறார், பிரசங்கமும் வைக்கோல் மாதிரிதான், நிறைய இருக்கும், கட்டிக் கட்டி வைப்பார். வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித்தரும் குடும்பங்கள் மொத்தம் நாலு. உன் போன் வந்த அந்த வாரம் புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போனோம். விண்ணப்பங்களைக் கேட்கும் நேரம் வந்தது. ஒருவர் மாட்டுக்குச் சுகமில்லை என்றார், ஒருவர் எங்கள் தம்பி இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான் என்று மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெர்னிஸ் என்ற அம்மாள் எழுந்து தன் நாத்தனார் வீட்டில் நடப்பதைப் பற்றி, உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், என்று ஆரம்பித்தாள். ஹோபர்ட் கையைக் காட்டி நிறுத்தினார். "பெர்னிஸ், அது அவ விண்ணப்பம். அவ வந்து சொல்லட்டும். உன் முழங்கால் எப்படி இருக்கு, அதைச் சொல்லு." பெர்னிஸ் முழங்காலைப் பற்றிச் சொன்னாள், பாவம், அதில் அவளுக்கு அவ்வளவு ருசி இல்லை. அவரவர் பாரத்தை அவரவர்தான் சொல்லவேண்டும், அடுத்தவருடையது என்றால் கை மட்டும்தான், இது இங்கே எழுதாத சட்டம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன், இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு விண்ணப்பத்தால் இரண்டு குடும்பங்கள் வெட்டிக்கொண்டதிலிருந்து வந்ததாம்.

கடைசியில் சொல்லாதவை யாருக்காவது உண்டா என்று கேட்டார். அங்கங்கே கைகள் உயர்ந்தன. அப்பா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். அவர் எழுந்தால் பேசுவார், இருபத்தாறு வருடமாக நான் பார்த்தது அதுதான். வாயைத் திறந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்கினார். அவ்வளவுதான். ஹோபர்ட் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்த மாதிரியே அவரையும் பார்த்துத் தலையசைத்தார், ஜெபம் செய்தார், கலைந்தோம். வாசலில் யாரும் எங்களை மடக்கி என்ன ஏது என்று கேட்கவில்லை. ட்ரெய்லருக்குத் திரும்பும்போது அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே, சொல்லாமல் இருப்பதுதான் சொல்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்றார். எனக்கு அது பழகிவிட்டது நீல் என்றேன்.

ஒரு கூட்டத்தை வைத்து ஊரை எடைபோட எனக்கு மனம் வராது, ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு தண்ணீர் மாதிரியை எடுத்து யாராவது முடிவு எழுதினால் நானே அதைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதனால் தங்கிப் பார்த்தோம், மூன்று வாரமாகப் பார்க்கிறோம். இவர்கள் வம்பு பேசாதவர்கள் இல்லை, நன்றாகவே பேசுகிறார்கள். யார் யாருக்கு ஓடாத டிராக்டரை விற்றார், யார் மகன் யார் நிலத்தில் மான் சுட்டான், எல்லாம் இரண்டே நாளில் காதுக்கு வந்துவிடும். எங்களைப் பற்றியும் பேசுகிறார்கள். ஓபல் என்ற அம்மாள் எங்களுக்கு வாடகைக்கு வீடு விடுகிறவள், அறுபது தாண்டியவள், முதல் அரைமணி நேரத்தில் எங்கள் வண்டி டயர் மோசம் என்றும், கெசையா மூச்சு விடாமல் பேசுகிறாள் என்றும், நான் கொண்டுபோன ஆப்பிள் பை பலகாரத்தின் மேல்மாவு கடையில் வாங்கியது என்றும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். மூன்றும் உண்மை. ஆனால் இங்கே எதைச் சொன்னாலும் நேராகச் சொல்கிறார்கள், ஜெபம் என்று பெயர் வைத்துச் சொல்வதில்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

வீடு ஓபலின் அம்மா இருந்த வீடு, இரண்டு வருடமாகக் காலி. கூரை நன்றாக இருக்கிறது, சமையலறைத் தரை ஒரு பக்கம் சாய்வு, உருளைக்கிழங்கு கீழே விழுந்தால் கதவுவரை ஓடும். கிணற்றில் நான் தண்ணீர் பிடித்தபோது ஓபல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள், எங்கள் அம்மா தொண்ணூறு வயதுவரை குடித்த தண்ணீர், அதில் நீ என்ன கண்டுபிடிக்கப் போகிறாய் என்றாள். கிருமி இருந்தது, கிணற்று மூடி விரிசல் விட்டிருக்கிறது. தன் அம்மாவையே நான் குறை சொன்னதுபோல இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், மூன்றாவது நாள் புது மூடியும் மருந்தும் வாங்கிக்கொண்டு அவளே வந்து நின்றாள். இப்போது தண்ணீர் சுத்தம், இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

அந்த மூடியை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள், செப்டிக் டேங்க் பழையது, வீட்டில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியவேண்டும் என்று. சாதாரணக் கேள்வி. நாலு பேர் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், வாய்வரை அதுதான் வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு. "இப்ப நாலு பேர். குளிர்காலத்துல என் பெரிய மக வரலாம், வந்தா அஞ்சு. மார்ச் மாசம் ஆறு." ஓபல் கையில் இருந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கணக்கு அவளுக்குள் போவது எனக்குத் தெரிந்தது. மகளின் கணவன் எங்கே என்று கேட்பாள் என்று நான் காத்திருந்தேன், என்ன பதில் சொல்வது என்றும் தயாராக வைத்திருந்தேன். அவள் சொன்னது இதுதான். "டேங்க் தாங்கும். பின்னறையை அவளுக்குக் குடு, அடுப்புச் சூடு முதல்ல அங்கதான் போகும்." பிறகு திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், உன் மகள் நாய்க்குப் பயப்படுவாளா, எங்கள் நாய் பாதி நாள் இந்த வாசலில்தான் படுத்திருக்கும் என்று. என் மகள் ஆங்கரேஜில் மிருக வைத்தியசாலையில் வேலை செய்கிறாள், உன் நாய்தான் பயப்படவேண்டும் என்று சொன்னேன். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

உன்னைக் கேட்காமல் அதைச் சொன்னேன், சரி. ஆனால் உன்னை விண்ணப்பமாகச் சொல்லவில்லை, வீட்டு ஆள் கணக்கில் சொன்னேன். என்னைக் கணக்கில் சேர்க்காதே என்றாய். நான் சேர்த்துவிட்டேன். நீ செய்ததெல்லாம் சரி என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை, நீயும் என்னை அப்படிக் கேட்கவில்லை, அதைப் பற்றி நாம் இருவரும் பேசவேண்டிய நாள் வந்தால் பேசுவோம், வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. உன்னை வயிற்றில் சுமந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது, பரிசோதனைக்கூடத்து வாடை தாங்காமல் தினமும் வெளியே ஓடுவேன், அப்பா வாசலில் வண்டியோடு நிற்பார். உனக்கு வாசலில் யாரும் நிற்கவில்லை என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம், வேறு எந்தக் காரணமும் இல்லை.

நேற்று அப்பா வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார், ஓபலுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. ப்ராவிடன்ஸ் பாஸ்டருக்கு அப்பாவே போன் செய்து வரவில்லை என்றும், கார்டு அனுப்புவதை நிறுத்தச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். ஜானெலுக்கு நான் தனியாக இரண்டு வரி எழுதினேன், அவள் வாசலிலும் ஒரு நாள் நல்ல செய்தி வரவேண்டும் என்று, அதை மனதாரத்தான் எழுதினேன். எல்லாருக்கும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். கெசையா இரண்டு நாள் அழுதாள். வயலின் குழு போயிற்று, லத்தீன் போயிற்று, பன்னிரண்டு வயதில் கிடைத்த முதல் உயிர்த்தோழி போயிற்று. இங்கே வயலின் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அதை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காதால் கேட்டதை வாசிக்கிறார், அதைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு கூசுகிறது. அக்காவுக்காகத்தானே என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள். எனக்காகவும்தான், அங்கே நான் மூச்சு முட்டிச் செத்திருப்பேன் என்றேன், அதுவும் உண்மை. ஆகவே இந்தப் பாரத்தையும் நீ உன் தலையில் எடுத்து வைத்துக்கொள்ளாதே. அவளுக்கு வழி நான் தேடுவேன், அது என் வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி இங்கிருந்து மலைச்சாலையில் ஒரு மணி நேரம். நானே ஓட்டிப்போய்ப் பார்த்தேன், அங்கே வேலை செய்யும் தாதிகளோடும் பேசினேன், நல்ல இடம்தான், பனி பெய்தால் சாலைதான் யோசிக்க வைக்கிறது. பனி நாட்களில் கூட்டுறவுக்காரர்களின் பெரிய வண்டி இருக்கிறது என்கிறார் அப்பா, அதை ஓட்டப்போவதும் அவர்தான். இதையெல்லாம் நீ உன் மருத்துவரிடம் சொல்லிக் கேள். விமானம் ஏறலாம் என்று அவர் சொல்கிற காலத்துக்குள் வந்தால் ஒரு வழி. குழந்தை பிறந்தபிறகு வருவது இன்னொரு வழி, அப்படியானால் மார்ச்சில் நான் அங்கே வந்து உன்னோடு இருக்கிறேன், சின்னதுகளின் பாடத்தை அப்பா பார்த்துக்கொள்வார், என்ன கற்றுக்கொள்வார்கள் என்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இரண்டும் வேண்டாம் என்றாலும் அதையும் நான் தாங்கிக்கொள்வேன்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே, தண்ணீரோடு விழுங்கு. பெரிய நாய்களை மேசைமேல் தூக்கி வைக்கிற வேலையை இனி வேறு யாரையாவது செய்யச் சொல். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா கூப்பிடுவார், அவருக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதை அவர் நீளமாகத்தான் கேட்பார், நடுவில் வைத்துவிடாமல் முழுக்கக் கேள். உன்னையும் உன் பிள்ளையையும் ஆண்டவர் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நடக்கிற பாதையில் பனி உறையாமல் இருக்கட்டும், உன்னைப் பார்க்கிற கண்களில் இரக்கம் இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு சொல் எழுது, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ, காரணம் வேண்டாம். நியூயார்க் கொட்டகையிலிருந்து சாமான்கள் அடுத்த வாரம் வருகின்றன, வைக்க இடம் போதாது, பெட்டிகளைப் பின்னறையில் அடுக்கலாமா என்று மைக்கா இப்போதே கேட்கிறான். நீ வரவில்லை என்று எழுதினாலும் அந்த அறையில் ஒரு பெட்டியைக்கூட நான் வைக்க விடமாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா
கோரின்